பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து

"காட்டுங்க. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

சொல்லிவிட்டேன். பிரின்ஸிபால் அறையில் என்னைத் தவிர நான்கு பேர். நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல் நான்கு பேரும் பார்த்தார்கள்.

எங்கள் எஸ்டேட் லைனில் அது அசிங்கமான பேச்சுதான். கணக்கு எழுதுகிற ரைட்டர் காகிதத்தை நீட்டுவார். ஓரிடத்தில் விரலை வைப்பார். அவர் விரலை எடுத்ததும் அந்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும். தெரியாதவர்கள் கட்டைவிரலை உருட்டவேண்டும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் மொதலாளியைச் சந்தேகப்படுவதாக அர்த்தம்.

நான் பி.எஸ்சி. முடித்துச் சேலத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, அம்மா எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான்.

"படிச்சுட்டே, செரி. நொம்ப சந்தோசம். ஆனா ஆராச்சும் காயிதம் நீட்டுனா, என்ன எழுதியிருக்குதுன்னு மட்டும் கேட்டுப்போடாத இளவரசி. உனக்குப் புண்ணியமாப் போவுது, அந்த ஒண்ணெ மட்டும் கேக்காத."

கேட்டுவிட்டேன். ஏரிக்கரை ஓட்டலில் நான் ரிசப்ஷனில் நிற்கிறேன். ரூம் கேட்டு வருகிறவர்கள் படிவத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

"என்னம்மா காட்டணும்?" என்றார் பிரின்ஸிபால் ஹேமலதா.

"படத்தைத்தாங்க. எந்தப் படத்தைப் பாத்துட்டு எந் தங்கச்சிக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களோ, அந்தப் படத்தை."

நடந்தது இதுதான். போன சனிக்கிழமை பள்ளிக்கூட சினிமா மன்றத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு ஜப்பான் அனிமேஷன் படம் போட்டிருக்கிறார் ஜோஸ்வா சார். எதிர்காலத்தில் நடக்கிற கதை. பாதிப் படத்தில் என் தங்கை சுதாராணி எழுந்து நின்று, "தண்ணியில இல்ல! தண்ணியில இல்ல!" என்று கத்தியிருக்கிறாள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். இரண்டு பெற்றோர் புகார் கொடுத்தார்கள். விசாரிக்கக் கமிட்டி போட்டார்கள். ஜோஸ்வா சாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சுதா அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. சோறு வைத்தால் கையை நனைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். பெட்டியைக் கிளறி, செத்துப்போன ராசம்மாள் சின்னம்மாவின் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு கழற்ற மறுக்கிறாள். தை மாதக் குளிர், அதற்காகப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். படம் கடலுக்கு அடியில் நடக்கிற கதை என்று சொன்னார்கள். அவள் கத்திய தண்ணீர் அந்தத் தண்ணீர்தான் என்றும் நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

எல்லோரும் என்றால், நானும் அம்மாவும்.

இன்று செவ்வாய். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள். அப்பாவும் நானும் சுதாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"படமெல்லாம் எதுக்குங்க? கமிட்டியில எல்லாரும் பாத்தாச்சு," என்றார் ஹேமலதா.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

அவர் பேனா மூடியைத் திருகினார். "கார்ட்டூன்னு சொல்லித்தான் ஜோஸ்வா பர்மிஷன் வாங்கினார்."

"அப்ப பாக்கல."

"இளவரசி," என்றார் அப்பா, மிக மெதுவாக. பெரியசாமி என்று பெயர் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் முக்கால் உடம்பை வெளியே வைத்து உட்காருகிறவர் என் அப்பா.

நான் மேஜைமேல் இருந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினேன். "இந்தா பாருங்க. 'திரைப்படத்தை முழுமையாகப் பார்த்தேன். பதின்ம வயதினருக்கு ஏற்றது, ஏற்றதல்ல.' ரெண்டுல ஒண்ணெக் கோடு போட்டு அடிக்கணும். படிச்சவளாச்சேன்னு பெற்றோர் பிரதிநிதியா எம் பேரைப் போட்டிருக்கீங்க. பாக்காம எப்பிடிங்க பாத்தேன்னு போடறது?"

ஜன்னல் பக்கம் நின்றிருந்த கோவிந்தராஜ் அப்போதுதான் திரும்பினார். பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். கொட்டச்சேடு ஊரைத் தாண்டி இருக்கிற எங்கள் எஸ்டேட்டுக்கும் மொதலாளி. எங்கள் வீடு, சுதாவின் சீட், அப்பாவின் வாட்ச்மேன் வேலை எல்லாம் அவர் கைக்குள். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதுதான் பயமே.

"காட்டுங்க மேடம்," என்றார் சிரித்துக்கொண்டு. "படிச்ச புள்ள கேக்குது. பாத்துட்டு அதுவே வேண்டாம்னு எழுதிக் குடுக்கும். அப்பறம் இந்தக் காயிதத்துலயும் ஒரு கையெழுத்து. பேருக்குப் பின்னால பி.எஸ்சி.ன்னு போட்டுரு கண்ணு. படிச்ச கையெழுத்து இருந்தா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

இன்னொரு காகிதம் இருந்தது. நீல அட்டைக்குள் மடித்து, அடிப்பாகம் மட்டும் வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள். அப்பாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே காலி இடம். அதன்மேல் ரைட்டர் வேடியப்பனின் விரல்.

"அதையும் பாத்துட்டுத்தான்," என்றேன்.

வேடியப்பன் அட்டையை மூடினார்.

ஸ்மார்ட் கிளாஸ் அறையில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். வெளியே பனிமூட்டம். காலை பதினொன்றுக்கே விளக்குப் போட்டுக்கொண்டு ஒரு பஸ் போனது. பெரிய மனுஷர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பா கடைசி பெஞ்சுக்குப் போனார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜோஸ்வா சாரிடம் பிடுங்கி வைத்திருந்த பென்டிரைவை ஹேமலதா மேடமே மாட்டினார். பேச்சு முழுக்க ஜப்பான் மொழி. அடியில் தமிழ் எழுத்து ஓடியது. மன்றத்துப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாக உட்கார்ந்து டைப் செய்தது. 'கதவை முடு' என்று முதல் வரியிலேயே நெடில் குறிலான எழுத்து.

கதையைச் சொல்கிறேன். சொன்னால்தான் புரியும்.

கடலுக்கு அடியில் இரும்பாலான ஒரு நகரம். அதை ஒரு கம்பெனி நடத்துகிறது. பதினைந்து வயதானதும் பிள்ளைகள் இயந்திரத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அந்த நகரத்துக்கே மூச்சுக் கொடுக்கிற இயந்திரம் அது. ஒரு பெண், சுதா வயதுதான். சின்ன வயதில் விபத்தில் வலது கை போய், இரும்புக் கை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அவள் தோழியை அந்த இயந்திரம் இழுத்துக்கொள்கிறது.

அந்தக் காட்சியை மறைக்காமல் காட்டுகிறார்கள். ஹேமலதா மேடம் சேலைத்தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டார். "கார்ட்டூன்ல இப்பிடியா ரத்தம் காட்டுவாங்க, கடவுளே..."

அடுத்து ஒரு பெரிய அறை. உடுப்பில்லாத உடம்புகள் கண்ணாடிக் குடுவைகளுக்குள் வரிசையாக நிற்கின்றன. கோவிந்தராஜ் திரும்பி என்னைப் பார்த்தார். இதுக்குத்தான் சொன்னேன் என்பதுபோல். நான் திரையையே பார்த்தேன். அந்த உடம்புகளில் அசிங்கம் எதுவும் இல்லை. உரித்துப் போட்ட காப்பித் தோல் மாதிரி இருந்தன, அவ்வளவுதான். எங்கள் ஓட்டல் டி.வி.யில் மத்தியானம் ஓடுகிற பாட்டுகளை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறோமே, அதில் இருக்கிற அசிங்கத்தில் கால்வாசி இதில் இல்லை.

பிறகு அந்த இடம் வந்தது. சுதா எழுந்து நின்ற இடம்.

இயந்திரத்தில் வேலை பார்த்த எல்லோரையும் வரிசையில் நிறுத்துகிறார்கள். முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை. ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையைப் பதிக்கவேண்டும். கையைப் பதித்ததும் நெற்றியிலிருந்து நீல நூல் மாதிரி ஒன்று இறங்கிக் கண்ணாடிக்குள் போகிறது. பார்த்தது மறந்துவிடுகிறது. கையை எடுக்கும்போது முகம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

மேஸ்திரி மாதிரி ஒருவன் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறான். அடியில் தமிழில் வந்தது.

'கடல் அவளைக் கொண்டுபோய்விட்டது. கையை வை.'

கடல் கொண்டுபோகவில்லை. இயந்திரம் கொண்டுபோனது. நாம் எல்லோரும் பார்த்தோம்.

தண்ணியில இல்ல.

அடுத்த ஆள் வந்தான். அதே வாக்கியம். அப்போதுதான் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. மூச்சை விடக் கொஞ்சம் பெரிய சத்தம்.

"கடல்... அவளைக்... கொண்டு..."

திரும்பினேன். திரை வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழுந்திருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"...போய்விட்டது. கையை... வை."

படத்தில் யாரும் தமிழ் பேசவில்லை. அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வார்த்தைகள் எழுத்தில் மட்டும்தான் இருந்தன.

என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பெயரை மட்டும் படம் வரைவதுபோல் போடுவார். பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். என் மார்க் ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதார். இருபத்து மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த அப்பா அவர்தான்.

நான் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆள் வந்தான். அப்பா மறுபடியும் படித்தார். இந்தத் தடவை வேகமாக.

மிச்சப் படத்தை எப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை. பார்த்தேன். முழுமையாகப் பார்த்தேன். அந்தப் பெண் முறை வரும்போது இரும்புக் கையை வைக்கிறாள். கண்ணாடியால் இரும்பிலிருந்து எதையும் உறிஞ்ச முடியவில்லை. அவள் ஒருத்திக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் மதில்மேல் ஏறி, செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கத்துகிறாள். விளக்குகள் அணைந்துகொண்டே வருகின்றன. யாருக்காவது கேட்டதா என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.

திரையை விலக்கினார்கள். பனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தாச்சா கண்ணு?" என்றார் கோவிந்தராஜ். "இதைப் போயிப் பத்தாங்கிளாஸ் புள்ளைக்குக் காட்டலாமா? நீயே சொல்லு."

"அந்தக் காயிதத்தையும் குடுங்க. ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன்."

அவர் வேடியப்பனைப் பார்த்துத் தலையசைத்தார். நான் என்ன செய்துவிடப் போகிறேன் என்ற தைரியம். வேடியப்பன் அட்டையை நீட்டினார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

"வெரலை எடுங்கண்ணா. எழுத்து மறைக்குது."

எடுத்தார். பள்ளிக்கூட முத்திரை போட்ட தாள். படித்தேன்.

'என் மகள் சுதாராணி சில மாதங்களாக மனக்குழப்பத்தில் இருந்து வந்தாள். பள்ளியில் காட்டப்பட்ட ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்ததில் அது முற்றிவிட்டது. எங்கள் உறவினர் ராசம்மாள் ஓடையில் வழுக்கி விழுந்து இறந்தது உண்மை. அவர் பல்ப்பிங் ஷெட்டில் மோட்டார் ஒயரில் மின்சாரம் தாக்கி இறந்ததாகவும், பிறகு ஓடைக்குத் தூக்கிச் செல்லப்பட்டதாகவும் என் மகள் சொல்வது அனைத்தும் படம் பார்த்த பயத்தில் வந்த கற்பனை. இது குறித்து நாங்கள் எவரிடமும் எந்தப் புகாரும் செய்யமாட்டோம்.'

இரண்டு முறை படித்தேன்.

ராசம்மாள் சின்னம்மா அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தவள். சுதாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே தை மாதம், காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற அந்த ஷெட்டில் வேலைக்குப் போனவள், சாயங்காலம் ஓடையில் கிடந்தாள். கால் வழுக்கிவிட்டது என்றார்கள். நான் சேலத்திலிருந்து வருவதற்குள் ரைட்டர் நீட்டிய ஒரு காகிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார், அடக்கமும் முடிந்துவிட்டது.

கருமாதி முடிவதற்குள் ஷெட்டுக்குப் புது மோட்டார் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அன்றைக்கு அது எனக்கு ஒன்றுமாகப் படவில்லை.

"மேடம், சுதா சனிக்கிழமை என்ன சொன்னா?"

ஹேமலதா விழித்தார். "தண்ணியில இல்லைன்னு... கத்திட்டே இருந்தா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலையே. அப்புறம் பேசவே இல்லையே."

"எங்ககிட்டயும் பேசல. மூணு நாளா ஒரு வார்த்தை பேசல. ஷெட்டுன்னு அவ சொல்லல. மோட்டாருன்னு சொல்லல. ஒயருன்னு சொல்லல." காகிதத்தைக் கோவிந்தராஜ் பக்கம் திருப்பினேன். "சொல்லாததை எல்லாம் கற்பனைன்னு எழுதியிருக்கீங்களே. உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

கோவிந்தராஜின் கண் வேடியப்பன் பக்கம் போனது.

"ஏனுங்க வேடியப்பண்ணா? டைப் அடிச்சது நீங்கதானே?"

"மொதலாளி சொன்னாப்புல..." என்று ஆரம்பித்த வேடியப்பன், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எத்தனை வருடப் பழக்கம். யாரும் படிக்கமாட்டார்கள் என்கிற நம்பிக்கையில், வெளியே வரக்கூடாத ஒன்றை ஒயர், மோட்டார் சகிதம் வரிவரியாக எழுதி, முத்திரையும் குத்தி, எங்கள் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். எங்களை அவ்வளவு கேவலமாக நினைத்திருக்கிறார்கள்.

கோவிந்தராஜ் சிரிப்பை மட்டும் மடித்து உள்ளே வைத்தார். குரல் மாறவில்லை.

"ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க சாமி. அது காதுல விழுந்தது. அதை விடு. மார்ச்சுல பரீட்சை. ஹால் டிக்கெட் மேடம்கிட்ட இருக்குது. கையெழுத்துப் போட்டீன்னா புள்ள பரீட்சை எழுதும். மனசு செரியில்லைன்னு ஒரு வரி, அவ்வளவுதானே? ஆரு பாக்கப் போறா?"

"அந்த ஒரு வரி இருந்தா அதுக்கப்பறம் அவ என்ன சொன்னாலும் பைத்தியம் சொன்னதுதானுங்களே. சாகற வரைக்கும்."

"போடலைன்னா டி.சி. அவளுக்குப் படிப்பும் இல்ல, உங்களுக்கு ஊடும் இல்ல. பெரியசாமி, நீ சொல்லுப்பா உம் புள்ளைக்கு. நீ அப்பவே போட்டுட்ட."

அப்பா எழுந்து நின்றார். எழுந்து நின்றதோடு சரி.

"அப்பா, இதுல என்ன எழுதியிருக்குதுங்கப்பா?"

"அவனுக்கு என்ன தெரியும், படிக்கத் தெரியாதவன்," என்றார் கோவிந்தராஜ்.

"தெரியுமுங்க," என்றேன், அப்பாவைப் பார்த்தபடியே. "எங்கப்பாவுக்கு நல்லாப் படிக்கத் தெரியும். இப்பத்தான் பாத்தேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கோவிந்தராஜ்தான் அப்பாவைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ கலங்கியது. ரைட்டர் முகத்திலும். இவர்களுக்கும் தெரியாது! படிக்கத் தெரியாத வாட்ச்மேன் என்று நினைத்து எத்தனை காகிதத்தை இவர் முன்னால் விரித்துப் போட்டார்களோ.

"அஞ்சாவது வரைக்கும் குப்பனூர்ல படிச்சேன்," என்றார் அப்பா, தரையிடம் சொல்வதுபோல். "படிக்கத் தெரிஞ்சவனைத்தான் சாட்சிக்குக் கூப்புடுவாங்க கண்ணு. தெரியாதவன்கிட்ட ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சின்னம்மா செத்தப்பவும் ஒரு காயிதத்துல போட்டீங்களே. அதையும் படிச்சீங்களா?"

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சுதாவுக்கு இங்க சீட்டுத் தர்றேன்னாங்க."

அந்த வருடம் ஜூனில் சுதா இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். எஸ்டேட் லைனிலிருந்து முதல் ஆள். அம்மா சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே போய்ப் பொங்கல் வைத்தாள். தன் தங்கச்சிதான் மேலே இருந்து பார்த்து இந்தச் சீட்டை வாங்கிக் கொடுத்தாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அப்பா அப்போதுதான் தலையைத் தூக்கினார். அப்படி ஒரு பயத்தை நான் மனுஷர் கண்ணில் பார்த்ததில்லை. படத்தில்கூட.

"உங்கம்மாளுக்கு மட்டும் சொல்லீறாத கண்ணு. உங் காலுல வேணா வுழறேன். அவளுக்கு மட்டும் வேண்டாம்."

எனக்குள் அதுவரை எரிந்துகொண்டிருந்தது அந்த நிமிடம் அணைந்தது. அணைந்து கல்லாகிவிட்டது. என்ன செய்யவேண்டும் என்று அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கோவிந்தராஜ் வேடியப்பனைப் பார்த்தார். கண்ணால் வாசலைக் காட்டினார். வேடியப்பன் பாக்கெட்டில் பைக் சாவியைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.

நான் உட்கார்ந்து படிவத்தை இழுத்தேன். 'ஏற்றதல்ல' என்பதைக் கோடு போட்டு அடித்தேன். கீழே காலி இடத்தில் எழுதினேன்.

'படத்தை முழுமையாகப் பார்த்தேன். ரத்தம் இருக்கிறது. உடுப்பில்லாத உடம்புகள் வரும் காட்சி ஒன்று இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடாது. பத்தாம் வகுப்புக்குக் காட்டலாம். காட்டுவதற்கு முன்னால் என்ன வரும் என்று ஜோஸ்வா சார் சொல்லியிருக்கவேண்டும், சொல்லாதது தப்பு. பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டும். இந்தப் பள்ளியில் அப்படி யாரும் இருக்கிறார்களா என்று கமிட்டி முதலில் பார்க்கட்டும். பெ. இளவரசி, பி.எஸ்சி.'

படிவத்தை மேஜைமேல் வைத்தேன். நீல அட்டையிலிருந்த காகிதத்தை உருவி, நான்காக மடித்து, கைப்பைக்குள் போட்டேன்.

"ஏம்மா, அதை வெச்சிட்டுப் போ!" ஹேமலதா எழுந்துவிட்டார். "அது ஆபீஸ் பேப்பர்!"

"எங்கப்பா கையெழுத்துப் போட்ட பேப்பருங்க. எங்ககிட்டயே இருக்கட்டும்."

"கண்ணு," என்றார் கோவிந்தராஜ். அதே இதமான குரல். "பனி நொம்ப எறங்கிருச்சு. ரோட்டுல ஒண்ணும் தெரியாது. சின்னப் புள்ளையக் கூட்டிட்டுப் பாத்துப் போவோணும்."

அக்கறையாகச் சொல்வதுபோல்தான் இருந்தது. எனக்கு ஓடை ஞாபகம் வந்தது.

வராந்தாவில் சுதா அப்படியே உட்கார்ந்திருந்தாள். சின்னம்மாவின் ஸ்வெட்டர் கை நீளம், விரல்கள் வெளியே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் மூன்று நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"படம் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"முழுசா?"

"முழுசா."

ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கிட்ட மட்டும் ஆரும் கையெழுத்துக் கேக்கலைக்கா. நான் அங்கதான் இருந்தேன். சின்னம்மாளுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். ஒரு ஆளுகூடக் கேக்கல."

நான் அவள் கையைப் பிடித்தேன். பனிக்கட்டியாக இருந்தது. பின்னால் கதவு திறந்து அப்பா வந்து நின்றது தெரிந்தது. திரும்பவில்லை.

"இளவரசி," என்றார். "நில்லு கண்ணு. நானும்..."

என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை. அவரும் வருகிறேன் என்றாரா, தடுக்க வந்தாரா. அதைக் கேட்டு நிற்க இப்போது நேரமில்லை. கீழே கேட்டுக்கு வெளியே, குளிரில் கிளம்ப மறுத்த பைக்கை வேடியப்பன் இன்னும் உதைக்கும் சத்தம் கேட்டது. கிளம்பியது. ஏரிப் பக்கம் போகவில்லை. கொட்டச்சேடு ரோட்டில் திரும்பி, பனிக்குள் போய்க் கரைந்தது. அந்த ரோட்டின் முடிவில், மேட்டுக் காட்டில், அம்மா தனியாகத் தன் வரிசைச் செடிகளில் நிரை பிடித்துப் பழம் பறித்துக்கொண்டிருப்பாள். எங்களுக்கு முன்னால் போய் அவளிடம் என்ன சொல்வாரோ, எந்தக் காகிதத்தில் கட்டைவிரலை உருட்டச் சொல்வாரோ.

"எங்கக்கா போறோம்? சேலத்துக்கா?" என்றாள் சுதா. "அடிவாரம் பஸ்ஸு நிக்குது."

"இல்ல. அம்மாகிட்ட."

சுதா ஒரு நொடி நின்றாள். பிறகு ஸ்வெட்டர் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினாள். கேட்டைத் தாண்டி, பைக் போன ரோட்டில் நடந்தோம்.